கேட்கப்போகும் ஒருவருக்காகப் பாடு

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய மூன்று பாட்டுகளையும் கேட்டேன். கூடவே எழுதியிருந்த கேள்வியையும் படித்தேன். பெரும்பாலும் நீயே எழுதி, நீயே மெட்டுப் போட்டு, வீட்டில் போனிலேயே பதிவு செய்து இணையத்தில் போடுகிறாய். இருபது பேர் கேட்டால் அதிகம். அந்த இருபது பேரும் உன்னைப் போலவே வீட்டில் பாட்டுச் செய்கிறவர்கள். "எங்களுக்குள்ளேயே போட்டு எங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறோம். இதைத் தொடர்வதில் அர்த்தம் இருக்கிறதா அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய். உன் வயதில் இருக்கும் பலர் இதையே கேட்கிறார்கள். அதனால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அர்த்தம் இருக்கிறது. பாட்டுச் செய்யத் தெரிந்த இருபது பேர் கேட்கிறார்கள் என்றால், வளரும் ஒரு கலைஞருக்கு அதைவிட நல்ல சபை அமையாது. ஒரு வரியை மெட்டில் உட்காரவைக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சபை நிலைக்க வேண்டுமானால் நீயும் அதில் ரசிகையாக உட்கார வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்து வருபவைதான்.

வீட்டுப் பதிவில் பிறந்து உலகம் முழுக்கப் போன இரண்டு பாட்டுக் கதைகளைச் சொல்கிறேன். 1979இல் ஜப்பானின் டியாக் நிறுவனம் 'போர்ட்டாஸ்டுடியோ' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் நான்கு ட்ராக்குகளைத் தனித்தனியாகப் பதிவு செய்யலாம். ஸ்டுடியோவுக்கு வாடகை கொடுக்க முடியாதவர்களும் ஒரு குரலின் மேல் இன்னொரு குரலை ஏற்றிப் பார்க்க முடிந்தது. 1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சியில் தன் வீட்டுப் படுக்கையறையில் அந்தக் கருவியையும் இரண்டு மைக்குகளையும் வைத்துக்கொண்டு கிட்டாரோடு பாடினார். தன் இசைக்குழுவுக்குப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுக்கத்தான் அந்தப் பதிவு. மேலாளருக்கும் ஒரு கேசட்டைக் குறிப்புகளோடு அனுப்பினார். பிறகு முழுக்குழுவோடு ஸ்டுடியோவில் பாடிப் பார்த்தபோது அந்தப் பாட்டுகளுக்கு வீட்டுக் கேசட்டில் இருந்த உயிர் வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக அதே ஆண்டு வெளிவந்தது.

இன்னொன்று உன் காலத்துக் கதை. 2015 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் பில்லி ஐலிஷ் என்ற பதிமூன்று வயதுப் பெண் தன் அண்ணன் ஃபினியஸ் எழுதிய 'ஓஷன் ஐஸ்' என்ற பாட்டை வீட்டில் பாடிப் பதிவு செய்தாள். அவளுடைய நடன ஆசிரியர் நடனம் அமைக்க ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டிருந்தார். அவருக்குக் கொடுப்பதற்காகத்தான் சவுண்ட்கிளவுடில் ஏற்றினார்கள். அங்கிருந்து அது ஊரெங்கும் பரவியது.

இந்தக் கதைகளைச் சொல்லி, உனக்கும் ஒருநாள் இப்படி நடக்கும் என்று ஆசை காட்டுகிறவர்கள் நிறைய. நான் அதற்காகச் சொல்லவில்லை. உலகப் புகழ் யாருக்கு வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. அதை நம்பி ஒரு கலையை நடத்தவும் முடியாது. நீ கவனிக்க வேண்டியது வேறு. இரண்டு பதிவுகளுமே பெயர் தெரிந்த, முகம் தெரிந்த சிலருக்காகச் செய்யப்பட்டவை. குழு கற்றுக்கொள்ள வேண்டும், ஆசிரியர் ஆட்டம் அமைக்க வேண்டும் என்ற தேவை பாட்டைத் தெளிவாக்கியது. நீயும் ஒவ்வொரு பாட்டையும் கேட்கப்போகும் யாரோ ஒருவரை மனதில் நிறுத்திக்கொண்டு செய். உன் பாட்டி, கல்லூரித் தோழி, மலேசியாவிலிருந்து உன் பாட்டுக்கு எழுதுகிறாரே அந்தக் கிட்டார்காரர், இப்படி யாராவது ஒருவர். அவருடைய நான்கு நிமிடத்தை நீ வாங்கிக்கொள்ளப்போகிறாய் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

இனி, கேட்பதைப் பற்றி. கச்சேரியில் முன்வரிசை ரசிகர் தொடையில் தாளம் போடுவதைப் பாடுகிறவர் பார்க்கிறார். ஒரு சங்கதி நன்றாக விழுந்தால் 'பலே' என்று குரல் வருகிறது. பாடுகிறவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிடுகிறது. தனி அறையில் பதிவு செய்கிறவருக்கு அந்தக் கை கண்ணில் படாது. நீ எழுதும் நாலு வரிதான் அவருக்கு அந்தத் தாளக் கை. வெறும் 'சூப்பர்', ஒரு தீப்பொறிப் படம் என்று போட்டுவிட்டு நகர்ந்தால் அவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

எப்படி எழுதுவது என்று கேட்பாய். உன் பாட்டையே வைத்துச் சொல்கிறேன். இரண்டாவது பாட்டில் பல்லவி திரும்பி வரும் இடத்தில் கிட்டார் நின்றுபோய் உன் குரல் மட்டும் இரண்டு வரி தனியாக வருகிறது. அங்கே நான் செய்துகொண்டிருந்த வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். அந்த இடத்தைத் தொடாதே. அடுத்த சரணத்தில் 'கல்' என்ற சொல்லை ஒரு முழு ஆவர்த்தனத்துக்கு இழுக்கிறாய்; கேட்கிற காதில் 'கால்' என்று விழுகிறது. இழுப்பை அதற்கடுத்த நெடிலில் வைத்துப் பார், வார்த்தையும் பிழைக்கும், மெட்டும் பிழைக்கும். அவ்வளவுதான் விமர்சனம். எந்த இடத்தில் மனம் நின்றது என்று முதலில் சொல். எந்த இடத்தில் விலகியது என்று அடுத்துச் சொல். முடிந்தால் காரணத்தையும் சொல். இரண்டு தடவை கேட்காமல் எழுதாதே. குரல் நன்றாக இல்லை என்று எழுதாதே. அதை அவர் மாற்ற முடியாது. மாற்றக்கூடியதைச் சொல்.

இப்படிப் பிறர் பாட்டைக் கேட்டுக் கேட்டு எழுதும்போது உன் காது தீட்டப்படும். அடுத்தவர் பாட்டில் முன்னிசை நீளமாக இருப்பது உடனே தெரியும். அடுத்த வாரம் உன் பாட்டிலும் அது தானாகத் தெரியும். எந்த வகுப்பிலும் இதை இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்ள முடியாது.

அடுத்தது, முடிப்பது. பாதியில் நிற்கும் பாட்டுகள் நிறைய இருக்கின்றன என்று எழுதியிருந்தாய். வீட்டில் பாட்டுச் செய்கிற எல்லோருக்கும் உள்ள நோய் இது. அமெரிக்காவில் பர் செட்டில்ஸ் என்பவர் 2004இல் நண்பர்களோடு ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். பிப்ரவரியின் 28 நாட்களில் 14 பாட்டு எழுத வேண்டும். அதாவது இரண்டு நாளைக்கு ஒன்று. லீப் ஆண்டில் பதினான்கரை. நடுவர் இல்லை, பரிசு இல்லை. எழுதியதைச் செப்பனிடாத பதிவாகப் போடுவதும், மற்றவர்கள் போட்டதைக் கேட்டுக் கருத்துச் சொல்வதும்தான் ஏற்பாடு. இன்று பல நாட்டு வீட்டுக் கலைஞர்கள் ஆண்டுதோறும் இதில் கலந்துகொள்கிறார்கள். இதில் உள்ள சூட்சுமம் எளியது. இரண்டே நாள் என்னும்போது முதல் வரியைப் பத்து முறை திருத்த நேரம் இருக்காது. கையில் உள்ளதை வைத்து இரண்டாம் சரணத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். முடிந்த பாட்டு சுமாராக இருந்தாலும் அது ஒரு பாடம். முடியாத பாட்டு எவ்வளவு அழகாகத் தொடங்கியிருந்தாலும் அதிலிருந்து நீ கற்றுக்கொள்வது சொற்பம். உனக்குப் பதினான்கு வேண்டாம். மாதம் இரண்டு முடி. முடித்ததை வெளியே விடு.

பதிவுத் தரம் பற்றியும் கேட்டிருந்தாய். பெரிய மைக் வாங்கப் பணம் சேர்ப்பதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. உன் மூன்று பதிவுகளிலும் குறை மைக்கில் இல்லை, அறையில் இருக்கிறது. மின்விசிறியின் உறுமல் ஒரு பக்கம். வெறும் சுவரில் குரல் மோதித் திரும்புவது இன்னொரு பக்கம். விசிறியை நிறுத்து. துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன் நின்று பாடு. உன் முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிமிர்த்தி வை. போனை வாய்க்கு ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வை. 'ப' என்ற எழுத்தில் காற்று அடிப்பது குறையும். லெவல் சிவப்பைத் தொடவே கூடாது. உச்சக் குரலில் மீட்டர் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 வரை இருந்தால் போதும். சத்தம் குறைவாக இருந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். கிளிப்பாகிக் கரகரத்தது கரகரத்ததுதான். டிராக் கேட்டுக்கொண்டே பாடும்போது புளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதில் ஒலி பெரும்பாலும் நூறு மில்லிசெகண்டுக்கு மேல் தாமதித்துத்தான் காதுக்கு வரும். உன் பாட்டு தாளத்துக்குப் பின்னால் போய்விடும். வயர் உள்ள ஹெட்போன் போதும். கம்ப்யூட்டர் இருந்தால் ஆடாசிட்டி, போன் மட்டும் என்றால் பேண்ட்லேப், இரண்டும் இலவசம். இவ்வளவையும் செய்த பிறகும் குறை தெரிந்தால் மைக் வாங்கலாம்.

இதையெல்லாம் தொழில்நுட்ப மோகத்துக்காகச் சொல்லவில்லை. வார்த்தை புரியாமல் ஒருவர் மூன்று தடவை ஓட்டிப் பார்க்க நேர்ந்தால் அவருடைய பொறுமையை நாம் செலவழிக்கிறோம். தெளிவாகப் பதிவு செய்வதும் ஒரு மரியாதை.

சேர்ந்து பாட்டுச் செய்யும் காலம் உனக்குச் சீக்கிரமே வரும். இணையத்தில் இரண்டு ஊரிலிருந்து ஒரே நேரத்தில் வாசிப்பது கடினம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஒரே மேடையில் பத்தடி தள்ளி நிற்கிறவரின் சத்தம் ஒன்பது மில்லிசெகண்டில் வந்துவிடும். சென்னைக்கும் டொராண்டோவுக்கும் நடுவே தாமதம் அதைப்போல் பல மடங்கு. அதனால்தான் வீட்டுக் கலைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக டிராக் சேர்க்கிறார்கள். நீ அனுப்பும்போது எந்த டிராக்கும் பூஜ்ஜியம் நொடியிலிருந்தே தொடங்கட்டும், தொடக்கத்தில் மௌனம் இருந்தாலும் பரவாயில்லை. அடுத்தவர் அப்படியே அடுக்கிவிடலாம். டெம்போ எவ்வளவு, சுருதி எத்தனை கட்டை என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவை. 'புதுசு ஃபைனல் 3' என்று பெயர் வைக்காதே. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்பு. வாய்ஸ் மெசேஜாகப் போனால் ஒலி நசுங்கிவிடும். மூலப் பதிவை வேவ் கோப்பாக இரண்டு இடத்தில் சேமித்துவை.

உரிமை விஷயத்தில் தெளிவாக இரு. உன் மூன்றாவது பாட்டு பாரதியின் கவிதை. அதில் தடையில்லை. பாரதி பாடல்களின் உரிமை 1949இல் சென்னை அரசின் கைக்கு வந்தது. பிறகு மக்களுக்கே பொதுவாக்கப்பட்டது. ஆனால் நடுவில் இரண்டு வரிக்கு நீ தொட்டிருக்கும் மெட்டு ஒரு திரைப்படத்தில் அதே கவிதைக்குப் போடப்பட்ட மெட்டின் சாயல். கவிதை பொது, மெட்டு பொது இல்லை. நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி கவிஞரும் இசையமைப்பாளரும் மறைந்த பிறகு அறுபது ஆண்டுகள் அந்தப் படைப்புக்கு உரிமை உண்டு. உதாரணத்துக்கு, கவிஞர் கண்ணதாசன் 1981இல் மறைந்தார். அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை அந்தக் கணக்கு ஓடும். ஆகவே அந்த இரண்டு வரிக்கு உன் சொந்த மெட்டைப் போடு. உன்னால் முடியும், மற்ற வரிகள் அதைக் காட்டுகின்றன. உன் பாட்டில் யார் தபேலா வாசித்தாலும், யார் மிக்ஸ் செய்தாலும், ஒரு வரி யோசனை சொன்னாலும், பாட்டுக்குக் கீழே அவர் பெயரை எழுது. காசு புழங்காத இடத்தில் பெயர்தான் நாம் ஒருவருக்கொருவர் கொடுக்கும் ஊதியம்.

கடைசியாக எண்ணிக்கை. எத்தனை பேர் கேட்டார்கள் என்று காலையில் எழுந்ததும் பார்ப்பதாக எழுதியிருந்தாய். அந்த எண் உன் பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. எந்த நேரத்தில் போட்டாய், அந்தச் செயலி யாருக்குக் காட்டியது என்பதைத்தான் சொல்கிறது. அதைப் பார்த்துப் பாட்டை மாற்றத் தொடங்கினால், கொஞ்ச நாளில் உன் பாட்டில் உன் குரல் இருக்காது. ஒருவர் உட்கார்ந்து எழுதிய நாலு வரியைப் பத்திரப்படுத்து. அடுத்த பாட்டைத் தொடங்கும் முன் அதைப் படி. வேலைக்குப் போ, குடும்பத்தைப் பார், மாலையில் பாட்டுச் செய். தொழிலாக ஆகவில்லை என்பதால் இந்தக் கலை குறைந்துவிடாது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால், மனதுக்குப் பட்டதை மட்டும் பாடும் உரிமை உனக்கு இருக்கிறது. தொழில்முறைப் பாடகர்கள் பலருக்கும் அது வாய்ப்பதில்லை.

இந்த வாரம் உனக்கு மூன்று வேலை. இரண்டாவது பாட்டின் சரணத்தைத் திருத்தி, விசிறியை நிறுத்திப் பாடிப் பதிவு செய். மூன்றாவது பாட்டின் அந்த இரண்டு வரிக்குப் புது மெட்டுப் போடு. உன் குழுவில் இதுவரை யாரும் ஒரு சொல்கூட எழுதாத ஒரு பாட்டைத் தேடிப் பிடித்து, முழுதாகக் கேட்டு, அவருக்கு நாலு வரி எழுது. மூன்றும் முடிந்ததும் எனக்கு அனுப்பு. யாருடைய பாட்டைக் கேட்டாய், அதில் எந்த இடம் உன்னை நிறுத்தியது என்பதையும் சேர்த்து எழுது. அந்தப் பாட்டை நானும் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்