வீட்டில் சமாதானம்: பயனுள்ள குறிப்புகள்

ஆலயத்தில் பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லிக் கைகூப்பிவிட்டு, வெளியே வந்ததும் நம் வண்டியை மறித்து நிறுத்தியவரைத் திட்டுகிறோம். வீட்டிலும் இதே கதைதான். செபத்தோடு கொஞ்சம் முன்னேற்பாடும் இருந்தால் இந்தச் சண்டைகளில் பாதியைத் தவிர்க்கலாம்.

1. ஞாயிறு காலைச் சண்டையைச் சனிக்கிழமை இரவே தீர்த்துவிடுங்கள். துணியை இஸ்திரி போட்டு, வேதாகமம், காணிக்கைக் கவர், வண்டிச் சாவி மூன்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். பிள்ளைகளின் ஷூவுக்குள்ளேயே காலுறையைச் சுருட்டி வைத்துவிடுங்கள். பூசைக்குக் கிளம்பும் நேரத்துக் கூச்சல் பெரும்பாலும் ஒற்றைக் காலுறையில்தான் தொடங்குகிறது.

2. கேட்பதில் வேகம், பேசுவதிலும் கோபத்திலும் நிதானம் என்கிறார் யாக்கோபு (1:19). இதை வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி உண்டு. எதிரில் இருப்பவர் பொரிந்து முடிக்கட்டும். பிறகு, "கேஸ் புக் பண்ண மறந்துட்டேன்னுதானே கோவம்?" என்று அவர் சொன்னதையே திருப்பிக் கேளுங்கள். விஷயம் கேஸோடு நின்றுவிடும். மூன்று வருஷத்துக்கு முந்தைய கல்யாண வீட்டுச் சங்கதிக்குப் போகாது.

3. மனத்தாங்கல் இருந்தால் முதலில் அவரிடமே தனியாகப் போய்ச் சொல்லச் சொன்னார் இயேசு (மத்தேயு 18:15). நாமோ அவரைத் தவிர எல்லாரிடமும் சொல்கிறோம். மருமகள் மேல் வருத்தம் என்றால் மகனிடம் போகாமல் மருமகளிடமே பேசுங்கள், அதுவும் அடுப்படி வேலை ஓய்ந்த நேரம் பார்த்து. "அவளுக்காகக் கொஞ்சம் செபம் பண்ணுங்க" என்று ஆரம்பித்து வீட்டுக் கதை முழுவதையும் செபக் கூட்டத்தில் அவிழ்ப்பது வேண்டாம். செபக் குறிப்பு என்று பெயர் வைத்தாலும் புறணி புறணிதான்.

4. நாத்தனாரை மனதில் வைத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வசனம் போடாதீர்கள். யாருக்கு என்று அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

5. வீட்டு வேலைக்கு வருபவரின் சம்பளத்தைத் தசமபாகக் கவரோடு சேர்த்து ஒன்றாம் தேதியே எடுத்து வைத்துவிடுங்கள். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது என்பது மோசேயின் சட்டம் (லேவியராகமம் 19:13). பணத்துக்காக அவர் இரண்டாம் முறை வாய் திறக்க நேர்ந்தால், அந்த மாதச் சிடுசிடுப்புக்குப் பொறுப்பு நாம்தான்.

6. பக்கத்து வீட்டு மிக்ஸி, கணவரின் குறட்டை, எதிர்வீட்டு டிவி என்று மாற்ற முடியாத சத்தங்கள் சில உண்டு. பிரான்சின் லிசியே நகரக் கார்மேல் மடத்தில் இருந்த புனித தெரேசாளுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. செப நேரத்தில் பின்னால் ஒரு சகோதரி ஓயாமல் எழுப்பிய சிறு சத்தத்தில் அவருக்கு வேர்த்தே போனதாம். திரும்பி முறைக்கலாமா என்றும் தோன்றியிருக்கிறது. கடைசியில் அந்தச் சத்தத்தையே கச்சேரிபோலக் கேட்டு, அதையே இயேசுவுக்குக் காணிக்கையாக்கினார். 1898-இல் வெளிவந்த தம் வரலாற்றில் அவரே இதை எழுதியிருக்கிறார். புனிதருக்கே வேர்த்தது என்பதில் நமக்கும் ஓர் ஆறுதல்!

7. பொழுது சாய்வதற்குள் கோபம் தணியட்டும் என்கிறது எபேசியர் நிருபம் (4:26). அதற்காக இரவு 11 மணிக்குப் பஞ்சாயத்து வைக்க வேண்டியதில்லை. "கோவம் இல்லை, காலையில பேசுவோம்" என்பதே அந்நேரத்துக்குப் போதும். குடும்ப செபம் முடிந்து பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை வரையும் வழக்கம் உள்ள வீடுகளில், பகலில் வீணாகத் திட்டியிருந்தால் அப்போதே மன்னிப்புக் கேட்டுவிடலாம். அப்பா மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறையாது.

8. அடியும் மிரட்டலும் உள்ள வீட்டுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. உங்களால் ஆனமட்டும் எல்லாரோடும் சமாதானமாயிருங்கள் என்றுதான் பவுல் எழுதினார் (ரோமர் 12:18); அந்த "ஆனமட்டும்" தெரிந்தேதான் சேர்க்கப்பட்டிருக்கிறது. பொறுத்துப் போகச் சொல்லி யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம் உள்ளது. பெண்களுக்கான உதவி எண் 181; கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் அழைக்கலாம்.