சிரைக்குழல் நழுவாதிருக்க

மருத்துவமனையில் சேர்க்கப்படும் நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் கைச்சிரையில் 'கேனுலா' எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் குழல் செலுத்தப்படுகிறது. மருந்தும் குளுக்கோஸ் நீரும் இதன் வழியே நேரே இரத்தத்தில் கலக்கின்றன. மலிவான பொருள்தான், ஆயினும் சிகிச்சை முடியுமுன் இது நழுவிவிட்டால், இழப்பு குழலின் விலையோடு நிற்பதில்லை. மற்றொரு குழல், செவிலியரின் நேரம், வேளை தவறிய மருந்து, நோயாளியின் வேதனை ஆகிய யாவும் கணக்கில் சேர வேண்டியவை. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஏற்ற சிரை கிடைப்பதே அரிது. மருந்து சிரைக்கு வெளியே கசிந்தால் கை வீங்கும். சில மருந்துகள் அவ்விடத்தைப் புண்ணாக்கிவிடும்.

விலையுயர்ந்த ஒட்டுச் சாதனங்களை வாங்கினால் இக்குறை தீருமா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் சுமார் 1,800 நோயாளிகளிடம் 4 முறைகள் ஒப்பிடப்பட்டன. அதன் முடிவு 2018-இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. எம்முறையைக் கையாண்டபோதும் 10 குழல்களில் ஏறத்தாழ 4, நழுவியோ அடைபட்டோ கசிந்தோ, காலத்துக்கு முன்பே பயனற்றுப் போயின. முறைகளிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. விலை மட்டுமே பாதுகாப்பாகிவிடாது என்பது இதனால் தெளிவாகிறது. எனவே அன்றாட நடைமுறையில் கவனம் செலுத்துதல் அவசியம்.

கவனிக்க வேண்டியவை:

1. முழங்கை, மணிக்கட்டு போன்ற மடியும் இடங்களை இயன்றவரை தவிர்த்து, முன்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. தோலைத் தூய்மை செய்த மருந்து நன்கு உலர்ந்த பின்னரே ஒட்ட வேண்டும். ஈரத்தில் பிளாஸ்திரி பிடிக்காது.

3. ஊசி நுழைந்த இடம் கண்ணுக்குத் தெரியும் வண்ணம் ஒளிபுகும் ஒட்டுத்தாளால் மூட வேண்டும். பிளாஸ்திரியைக் கையைச் சுற்றி இறுக்கலாகாது.

4. டியூபை ஒரு வளையமாக மடித்துத் தனியே ஒட்டினால், இழுபடும் விசை குழலைத் தாக்காது.

5. வியர்வையால் ஒட்டு நெகிழ்ந்தாலோ நனைந்தாலோ அழுக்கடைந்தாலோ உடனே மாற்ற வேண்டும்.

நம் நாட்டில் நோயாளியைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வோரும் மருந்துப் புட்டியைத் தாங்கி நடப்போரும் பெரும்பாலும் உறவினரே. டியூப் இழுபடாமல் நடத்திச் செல்லவும், வலியோ வீக்கமோ கண்டால் உடனே தெரிவிக்கவும் அவர்களுக்குச் செவிலியர் சொல்லித்தருதல் நலம்.

ஒவ்வொரு வார்டிலும் எத்தனை குழல்கள், எக்காரணத்தால், எத்தனையாம் நாளில் கழன்றன என்று ஒரு நோட்டில் குறித்துவந்தாலே போதும். இழப்பு எங்கே நிகழ்கிறது என்பது புலப்படும். புதிய ஒதுக்கீடு எதுவும் வேண்டாத சீர்திருத்தம் இது.