ஆல்டர்னேட்டரை நாமே மாற்றும் முறை

மோட்டார் வண்டி ஓடுங்கால் விளக்குகட்கு மின்சாரம் தந்து, பாட்டரியையும் நிரப்புவது ஆல்டர்னேட்டர் என்னும் கருவி. சுருட்கம்பியினிடையே காந்தம் அசையின் மின்னோட்டம் பிறக்குமென மைக்கேல் பாரடே 1831-இல் கண்ட உண்மையே இதற்கு அடிப்படை.

இது பழுதுற்றதெனத் துணியுமுன் நாம் சோதித்தறிதல் வேண்டும். 12 வோல்ட் பாட்டரியுள்ள பெரும்பாலான வண்டிகளில், எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ட் காணப்படும். அளவு அதனினும் மிகக் குறைந்து, மேலும் இறங்கிச் செல்லுமாயின், பெல்ட்டின் தளர்ச்சியையும் கம்பி இணைப்புகளையும் முதலில் ஆராய்வோம். அவை செவ்வனே இருப்பின் கருவியை மாற்றத் தொடங்கலாம்.

எஞ்சினை நிறுத்தியபின், பாட்டரியின் நெகடிவ் முனைக் கம்பியையே முதலில் கழற்றுதல் வேண்டும். ஏனெனில், கருவியின் பின்புறத்துள்ள தடித்த கம்பி, சாவியை எடுத்த பின்னரும் பாட்டரியின் மற்றை முனையோடு இணைந்தே உள்ளது. ஸ்பானர் அக்கம்பியையும் வண்டியின் இரும்புடலையும் ஒருங்கே தீண்டின் தீப்பொறி பறக்கும்; கை வெந்துபோகவுங் கூடும்.

பின்னர்க் கம்பிகளின் இடங்களைக் குறித்துக்கொண்டு அவற்றை நீக்கி, பெல்ட்டைத் தளர்த்தி, போல்ட்டுகளைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவோம். பெல்ட்டையும் கம்பிகளையும் முன்போல் அமைத்து, நெகடிவ் கம்பியை இறுதியில் இணைப்போம். முதலிற் கழற்றியதே இறுதியிற் சேர்வது. இவ்விதியை மறவாதார்க்கு இவ்வேலை அச்சந் தருவதன்று.