பழைய ஸ்பீக்கரை ரெடி பண்ணி வித்தா கையில எவ்வளவு நிக்கும்?

6,000 ரூபாய்க்கு ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கர் வாங்கி, சரி பண்ணி, 16,000-க்கு வித்தா லாபம் எவ்வளவு? "பத்தாயிரம்"னு சொன்னீங்கன்னா, இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். உங்களுக்கு கோவையில வேலை, மாசம் 40,000 சம்பளம். சொந்த ஊர் கூக்கால். கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை தாண்டி, மொத்தம் 40 கி.மீ. போல மலைப்பாதை. லீவு நாள்ல ஊர் வீட்டுல உட்கார்ந்து ஸ்பீக்கர் வேலை பாக்குறீங்க.

முதல்ல வாங்குற இடத்துல பணத்தைக் காப்பாத்தணும். 70, 80-கள்ல வந்த பல ஸ்பீக்கர்கள்ல கோனைச் சுத்தி ஃபோம் வளையம் இருக்கும். அது காற்றின் ஈரத்துலயே நைஞ்சு பொடியாயிடும். அதுக்குப் பயப்பட வேண்டாம், மாத்திடலாம். பயப்பட வேண்டியது காயிலுக்கு. மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க: 8 ஓம் ஸ்பீக்கர்னா 5.5-ல இருந்து 6.5 வரை காட்டணும். ஒண்ணுமே காட்டலைன்னா காயில் அறுந்திருக்கு. கோனை விரல்களால சமமா, மெதுவா அமுக்குங்க. உரசுற சத்தம் கேட்டா விலையைப் பாதியாக் குறைச்சுக் கேளுங்க, இல்லைன்னா வந்துடுங்க.

இப்போ கணக்கு. வாங்கினது 6,000. ஃபோம் வளையம் 1,200. காய்ஞ்சுபோன கெபாசிட்டர்களுக்குப் பதில் புதுசு 900. பாலிஷ், பசை 800. பஸ், லாரி பார்சல் 1,500. மொத்தம் 10,400. மிச்சம் 5,600. தேடி அலைஞ்சது, பிரிச்சது, ஒட்டிக் காய வச்சது, வாங்க வர்றவருக்குப் போட்டுக் காட்டினது எல்லாம் சேர்த்து 28 மணி நேரம்னு வைங்க. மணிக்கு 200 ரூபாய். உங்க சம்பளமும், மாசம் 200 மணி நேரம்னா, அதே 200-தான்!

இதுல ஒரு காயில் போச்சுன்னா? திரும்பச் சுத்த 2,000. லாபம் 3,600 ஆயிடும், மணிக்கு 130 ரூபாய்கூட இல்லை.

கூக்கால்ல இன்னொரு செலவும் உண்டு, அது பில்லுல வராது. பனியும் மூட்டமும். மரத்தூள் பலகையில செஞ்ச பெட்டி ஈரத்துல ஊதிடும், திருகு பிடிக்காது. காந்த இடுக்குல துரு ஏறும். அதனால வேலையை மலையில பண்ணுங்க, சரக்கை அங்க தேக்கி வைக்காதீங்க. வாங்குறவர் கேட்டுப் பாத்துட்டுத்தான் காசு கொடுப்பார். அதுக்காக 40 கி.மீ. மலையேறி யாரும் வரமாட்டாங்க. கோவையிலயே கேக்க வைங்க. முதல் ஜோடி விக்கிற வரைக்கும் ரெண்டாவது ஜோடிக்குக் காசு போடாதீங்க. கிரெடிட் கார்டுல வாங்குற பேச்சே வேண்டாம்.

அடுத்தது மாடிஃபிகேஷன். உங்க காதுக்கு நல்லா இருக்குன்னு ட்வீட்டரை மாத்தி, பெட்டியில ஓட்டை போட்டா, பழசைத் தேடுறவர் விலையைக் குறைச்சிடுவார். 1978-ல ஜயர்ல நடந்த சண்டையால கோபால்ட் விலை ஏற, கம்பெனிகள் பலதும் அல்நிகோ காந்தத்தை விட்டு ஃபெரைட்டுக்கு மாறினாங்க. அதுக்கு முந்தின அல்நிகோ ஜோடியைத்தான் சிலர் குறிப்பாத் தேடுவாங்க. அந்த மாதிரி பொருள்ல கை வைக்காம இருக்கிறதே லாபம். எதை மாத்தினாலும் கழட்டின பாகத்தைப் பையில போட்டு, ஸ்பீக்கரோடவே கொடுத்துடுங்க.

வரி? வீட்டுல நீங்க வருஷக்கணக்கா பாட்டு கேட்ட ஸ்பீக்கரை வித்தா அது சொந்த உபயோகப் பொருள், மூலதன ஆதாய வரி வராது. விக்கிறதுக்குன்னே தொடர்ந்து வாங்கினா அது வியாபார வருமானம், ஐடிஆர்-1 போட முடியாது. உத்தேச முறையில ஐடிஆர்-4 போடலாம்: ரொக்க வரவுக்குக் குறைஞ்சது 8%, வங்கி, யுபிஐ வரவுக்கு 6% லாபமாக் காட்டணும். தமிழ்நாட்டுக்குள்ள சரக்கு வித்தா 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனா கொச்சிக்காரருக்கோ பெங்களூருக்கோ வியாபாரமா அனுப்பினா அந்த வரம்பு செல்லாது, முதல் ஜோடியிலேயே பதிவு கேட்கும். முதல்ல ஆஃபீஸ் ஆஃபர் லெட்டரை எடுத்து, வேற வருமானம் பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிச்சிடுங்க.