வீடுதோறும் சென்று உண்மை கண்டவர்

ஒரு சமூகத்தின்மீது பழி சுமத்துதல் எளிது. அப்பழி மெய்யோ பொய்யோ என ஆராய்ந்து காண்டல் அரிது. அவ்வரிய செயலையே வாழ்க்கைப் பணியாக ஏற்றவர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் என்னும் பேரறிஞர்.

அவர் 1868ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில், கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். அந்நாட்டில் அடிமைமுறை ஒழிந்து அப்பொழுது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. கல்வியில் பெருவேட்கை கொண்ட அவர், பிஸ்க், ஹார்வர்டு என்னும் பல்கலைக்கழகங்களில் பயின்றார். பின்னர்க் கடல் கடந்து பெர்லின் நகருக்குச் சென்று பொருளியல் முதலிய துறைகளைக் கற்றார். 1895இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கு அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

அக்காலத்தில் பிலடெல்பியா நகரின் சீர்கேடுகளுக்கெல்லாம் கறுப்பின மக்களே காரணம் எனப் பலரும் பேசினர். அவர்தம் நிலையை ஆராயும் பணியைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1896இல் டுபாய்சிடம் ஒப்புவித்தது. அவர் துணைவியாருடன் அம்மக்கள் நெருங்கி வாழ்ந்த ஏழாம் வட்டாரத்திலேயே குடியேறினார். வினாத்தாளைக் கையில் ஏந்தி, ஏறத்தாழ 2,500 குடும்பங்களைத் தாமே நேரிற் கண்டார். தொழில் யாது, வருவாய் எவ்வளவு, வாடகை எத்துணை, படித்தவர் எத்தனை பேர் என்றெல்லாம் வினவிக் குறித்துக்கொண்டார். 'எம்மை ஏதோ விந்தைப் பொருள்போல ஆராய்வது ஏன்?' என்று ஐயுற்றவரும் அம்மக்களுள் இருந்தனர். அவர் அதற்காக வருந்தவில்லை. பணிவுடன் கேட்டு, பொறுமையுடன் எழுதினார்.

ஆராய்ச்சியின் முடிவு 1899இல் 'பிலடெல்பியா நீக்ரோ' என்னும் நூலாக வெளிவந்தது. தொழிற்சாலைகளின் கதவுகள் அம்மக்களுக்கு அடைபட்டிருந்தன; கைத்தொழில் கற்றவரும் ஏவலராகவே பிழைக்க நேர்ந்தது; இழிந்த வீடுகளுக்கும் மிகுந்த வாடகை கொடுத்தனர். வறுமைக்கும் குற்றத்திற்கும் காரணம் பிறப்பன்று, அவர்களைச் சூழ்ந்த நிலைமையே என்பதை அந்நூல் புலப்படுத்தியது. அம்மக்களின் குறைகளையும் அவர் மறைத்தாரல்லர். விருப்பு வெறுப்பின்றிக் கூறுவதன்றோ ஆராய்ச்சி!

பின்பு அவர் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, மாணவர் துணையுடன் ஏறத்தாழ 60 வண்ண விளக்கப்படங்களை வரைந்து, 1900இல் பாரிஸ் உலகப் பொருட்காட்சிக்கு அனுப்பினார். கறுப்பின மக்கள் ஈட்டிய நிலமும் பெற்ற கல்வியும் அப்படங்களில் விளங்கின. அதற்காக அவருக்குப் பொற்பதக்கம் கிடைத்தது.

எனினும், 1899இல் ஜார்ஜியா மாநிலத்தில் வெறிகொண்ட கும்பலொன்று கறுப்பினத் தொழிலாளி ஒருவரை விசாரணையின்றிக் கொடுமையாகக் கொன்றது. உயிர்கள் அழிகையில் உண்மையை ஏட்டில் எழுதி வைத்தால் மட்டும் போதாது, அதனை மக்கள் செவியிலும் சேர்த்தல் வேண்டும் என அவர் உணர்ந்தார். ஆதலின் 1910இல் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கி, 'கிரைசிஸ்' என்னும் திங்களிதழின் ஆசிரியரானார். கும்பல் கொலைகளின் கணக்கை அவ்விதழில் வெளியிட்டு, நாட்டின் மனச்சான்றைத் தட்டியெழுப்பினார். எண்ணும் பணியை அவர் கைவிடவில்லை. அதனை அறப்போருக்குக் கருவியாக்கினார்.

அவர் 1963இல், தம் 95ஆம் வயதில், கானா நாட்டில் மறைந்தார்.

மாணவர்களே! ஒருவரைப் பற்றி ஊரார் கூறும் பழியை உடனே நம்பிவிடாதீர்கள். அவர் வீட்டு வாயிலுக்குச் சென்று கேளுங்கள். கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுங்கள். எழுதியதை அஞ்சாது எடுத்துரையுங்கள். சமூக ஆராய்ச்சியாளர்க்குரிய ஒழுக்கம் இதுவே.