ஒரே கருவி, இரண்டு விலை: மொழி வேலியான கதை

ஒரு பொருளின் விலையை எது தீர்மானிக்கிறது? செய்த செலவோடு கொஞ்சம் லாபத்தைக் கூட்டினால் விலை வந்துவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். சந்தையில் கீரை விற்பவருக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தலாம். வீடியோ கேம் கருவிக்கு அது பொருந்தாது.

2025 ஜூன் 5ஆம் நாள் நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் 2 கருவி விற்பனைக்கு வந்தது. முதல் நான்கு நாளில் உலகெங்கும் 35 லட்சத்திற்கும் மேல் விற்றுத் தீர்ந்தது. பலரும் இந்த எண்ணிக்கையைத்தான் பேசினார்கள். என்னைக் கவர்ந்தது வேறொன்று. ஜப்பானில் மட்டும் அக்கருவிக்கு இரண்டு விலைகள். அவ்விரண்டுக்கும் நடுவில் நிறுவனம் எழுப்பிய வேலி மொழி! மொழிக்காகவே நடத்தப்படும் கழகத்தின் இதழில் இதைப் பற்றி எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்ற பிறகு பொருளாதாரத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே கற்றவன் நான். ஆகவே கலைச்சொற்களை அடுக்காமல், ஒவ்வொன்றையும் விளக்கியே எழுதுகிறேன்.

கருவியில் நட்டம், விளையாட்டில் லாபம்

வீடியோ கேம் கருவியை வாங்குபவர் அதோடு நிற்பதில்லை. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கு அதற்கான விளையாட்டுகளையும் வாங்கிக்கொண்டே இருப்பார். பிற நிறுவனங்கள் உருவாக்கும் விளையாட்டுகள் விற்றாலும் கருவியைச் செய்தவருக்கு ஒரு பங்கு போய்ச் சேரும். எனவே கருவியை அடக்க விலைக்கும் குறைவாக விற்றாலும் பின்னால் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பது இத்தொழிலின் பழைய கணக்கு.

2006 நவம்பரில் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 3 இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவில் அதன் உயர்வகைக் கருவியின் விலை 599 டாலர். ஐசப்ளை என்னும் ஆய்வு நிறுவனம் அதைப் பிரித்துப் பார்த்து, செய்யும் செலவே ஏறத்தாழ 840 டாலர் என்று மதிப்பிட்டது. ஒவ்வொரு கருவிக்கும் 240 டாலர் கையைக் கடித்தது என்று பொருள். அப்படி விற்றும் மக்கள் விலை அதிகம் என்றே சொன்னார்கள். அதே மாதத்தில் நிண்டெண்டோவின் வீ கருவி 249 டாலருக்கு வந்ததுதான் காரணம். வாங்குபவர் உற்பத்திச் செலவைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் பொருளின் விலையைத்தான் பார்க்கிறார்.

நிண்டெண்டோவும் சூடு பட்டதுண்டு. 2011 பிப்ரவரியில் 3டிஎஸ் என்னும் கையடக்கக் கருவியை ஜப்பானில் 25,000 யென்னுக்கு வெளியிட்டது. எதிர்பார்த்த விற்பனை இல்லை. ஆறு மாதம் முடிவதற்குள் விலையை 15,000 யென்னாகக் குறைக்க வேண்டியதாயிற்று. அப்போதைய தலைவர் சதோரு இவாதா தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். முன்னரே அதிக விலை கொடுத்து வாங்கியவர்களைச் சமாதானப்படுத்த 20 பழைய விளையாட்டுகள் இலவசமாக வழங்கப்பட்டன. வெளியீட்டு விலை தவறினால் பணம் மட்டுமா போகிறது? முதலில் வந்து வாங்கிய விசுவாசமான வாடிக்கையாளரின் மனமும் கசக்கிறது.

யென் கொடுத்த தலைவலி

இந்தப் பின்னணியோடு 2025க்கு வருவோம். முதல் ஸ்விட்ச் வெளிவந்த 2017 மார்ச்சில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 114 யென். ஸ்விட்ச் 2இன் விலை அறிவிக்கப்பட்ட 2025 ஏப்ரலில் அது 150 யென்னை நெருங்கியிருந்தது. யென்னின் மதிப்பு அவ்வளவு சரிந்திருந்தது.

அமெரிக்காவில் ஸ்விட்ச் 2இன் வெளியீட்டு விலை 449.99 டாலர். அதை அப்படியே யென்னுக்கு மாற்றினால் 67,000 யென்னைத் தாண்டும். ஜப்பானியர்கள் சம்பளம் வாங்குவது யென்னில். டாலர் ஏறிய அளவுக்கு அவர்கள் சம்பளம் ஏறவில்லை. 67,000 யென் என்றால் உள்நாட்டுச் சந்தை சுருங்கும். சரி, ஜப்பானில் மட்டும் மலிவாக விற்கலாமே என்றால் அதிலும் சிக்கல். வெளிநாட்டு வியாபாரிகள் அங்கே மொத்தமாக வாங்கிப் பிற நாடுகளில் விற்றுவிடுவார்கள். ஜப்பானியருக்கென வைத்த சலுகை ஜப்பானியருக்கே எட்டாமல் போகும்.

நிண்டெண்டோ கண்ட வழி இதுதான். வெளியீட்டின்போது ஜப்பானிய மொழி மட்டும் கொண்ட கருவி 49,980 யென். பல மொழிகள் கொண்ட கருவி 69,980 யென். முதல் வகையில் கருவியின் மொழியை மாற்ற முடியாது. ஜப்பானைத் தம் நாடாகக் குறிப்பிட்டுத் திறந்த கணக்கை மட்டுமே அதில் இணைக்க முடியும். இரண்டாவது வகை நிறுவனத்தின் சொந்த இணையக் கடையில் மட்டுமே விற்கப்பட்டது. அன்றைய மாற்று விகிதத்தில் முதலாவது ஏறத்தாழ 333 டாலர். அதுவும் வரி உட்பட. அமெரிக்க விலையிலோ மாநில விற்பனை வரி சேரவில்லை.

மூன்று நிபந்தனைகள்

ஒரே பொருளை வெவ்வேறு மக்களுக்கு வெவ்வேறு விலையில் விற்பதைப் பொருளாதாரத்தில் விலைப் பாகுபாடு என்பர். திரையரங்கில் மாணவர் கட்டணம் இருக்கிறதே, அதுவும் இந்த வகைதான். இது நடைபெற மூன்று நிபந்தனைகள் வேண்டும்.

முதலாவது, விலையைத் தானே முடிவு செய்யும் வலிமை விற்பவருக்கு இருக்க வேண்டும். நிண்டெண்டோவின் விளையாட்டுகளுக்கு நிண்டெண்டோவின் கருவிதான் வேண்டும் என்பதால் அவ்வலிமை அதற்கு உண்டு. இரண்டாவது, அதிகம் கொடுக்கக்கூடியவரையும் கொடுக்க இயலாதவரையும் பிரித்தறிய வேண்டும். மூன்றாவது, மலிவாக வாங்கியவர் மற்றவருக்கு மறுவிற்பனை செய்ய முடியாதபடி தடுக்க வேண்டும்.

கடைசி இரண்டையும் மொழி ஒன்றே செய்து முடித்தது. மாணவர் கட்டணத்திற்கு அடையாள அட்டை காட்ட வேண்டும். இங்கே அட்டை எதுவும் தேவையில்லை. ஜப்பானிய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவருக்கு அந்தக் கருவி முழுமையான கருவி. தெரியாதவருக்கு அதே கருவி பாதிப் பயன்கூடத் தராது. அதைக் கப்பலேற்றி வெளிநாட்டில் விற்க வியாபாரிக்கு ஆசையும் வராது. காவலாளி இல்லாமலே காவல் காக்கிறது மொழி.

மறுவிற்பனைக்கு எதிராக இன்னொரு தடுப்பும் இருந்தது. ஜப்பானில் நிறுவனத்தின் இணையக் கடை நடத்திய குலுக்கலில் பெயர் கொடுக்க, பழைய ஸ்விட்ச் கருவியில் 50 மணி நேரமாவது விளையாடியிருக்க வேண்டும்; இணையச் சந்தாவை ஓராண்டாவது செலுத்தியிருக்க வேண்டும். அப்படியிருந்தும் ஜப்பானில் மட்டும் 22 லட்சம் பேர் விண்ணப்பித்ததாக நிறுவனத் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா 2025 ஏப்ரலில் அறிவித்தார்.

அமெரிக்காவில் வேறு சோதனை. விலை அறிவிக்கப்பட்ட ஏப்ரல் 2ஆம் நாளிலேயே அந்நாட்டு அரசு புதிய இறக்குமதி வரிகளை அறிவித்தது. நிண்டெண்டோவின் உற்பத்தி நடைபெறும் வியட்நாமுக்கு 46 விழுக்காடு என்றார்கள். ஏப்ரல் 9ஆம் நாள் தொடங்கவிருந்த முன்பதிவு 24ஆம் நாளுக்குத் தள்ளிப்போனது. ஆனால் கருவியின் விலை மாறவில்லை. துணைப் பொருள்களின் விலைதான் கூடியது. ஊரறியச் சொன்ன விலையைக் காப்பாற்றிவிட்டு, யாரும் அதிகம் கவனிக்காத இடத்தில் ஈடுகட்டிக்கொண்டார்கள். 2011இல் பட்ட சூடு மறக்கவில்லை போலும்!

யாருக்கு நியாயம்?

சராசரி ஜப்பானியக் குடும்பத்திற்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஜப்பானிலேயே வாழ்ந்து, யென்னிலேயே சம்பளம் வாங்கி, ஜப்பானிய மொழியைச் சரளமாக வாசிக்க இயலாத வெளிநாட்டுத் தொழிலாளியையும் மாணவரையும் எண்ணிப் பாருங்கள். தமக்குத் தெரிந்த மொழியில் விளையாட அவர்கள் 2025இல் 20,000 யென் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. வேலி வெளியூர் வியாபாரியை மட்டும் தடுப்பதில்லை. உள்ளூரில் இருக்கும் அயலாரையும் தடுக்கிறது. வருமானத்தைப் பார்த்து விலை வைக்க முடியாதபோது மொழியைப் பார்த்து விலை வைக்கிறார்கள். மொழி எல்லா நேரத்திலும் வருமானத்தைச் சரியாகக் காட்டுவதில்லை. இத்திட்டத்தின் பலவீனம் இதுவே என்பது என் கருத்து.

எனினும் வழி பரவிவிட்டது. 2025 நவம்பரில் சோனியும் ஜப்பானிய மொழி மட்டும் கொண்ட பிளேஸ்டேஷன் 5 கருவியை 55,000 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நாம் கற்க வேண்டியது

இந்த வேலி ஏன் ஜப்பானிய மொழியால் சாத்தியமாயிற்று? அங்கே கோடிக்கணக்கானோர் தம் மொழியிலேயே கருவியை இயக்குகிறார்கள். தம் மொழியிலேயே விளையாடுகிறார்கள். வேறு மொழி இல்லையே என்று அவர்கள் குறைப்படுவதில்லை. பிற மொழிகளை நீக்கிவிட்டால் அவர்களுக்கு இழப்பு ஏதும் இல்லை. அதனால்தான் விலை குறைந்தது. ஒரு மொழிக்குச் சந்தையில் இருக்கும் பலத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் எனக்குக் காட்டியதில்லை.

ஸ்விட்ச் 2இன் பல மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. இதைக் கண்டு உணர்ச்சிவசப்பட்டுப் பயனில்லை. நிறுவனங்கள் மொழியின் தொன்மையைக் கணக்கிடுவதில்லை. அம்மொழியில் கருவியை இயக்குவோர் எத்தனை பேர் என்றே கணக்கிடுகின்றன. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005ஆம் ஆண்டிலேயே கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி திறந்தது. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் முழு இடைமுகமும் தமிழில் கிடைக்கிறது. வழி இருக்கிறது, நடப்பவர்தாம் குறைவு.

வணிகம் பயிலும் நண்பர்கள் அடுத்த முறை ஒரு கருவியின் விலையைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இதன் லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது? இதன் வேலி எது? அந்த வேலிக்கு வெளியே நிற்பவர் யார்? விலைச்சீட்டில் இருக்கும் எண்ணைவிட இந்த விடைகள் நமக்கு அதிகம் கற்றுத் தரும்.