மேல்வயிற்று வலியும் முதல் இரண்டு நாட்களும்

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் கணையம் இருக்கிறது. சோற்றையும் பருப்பையும் எண்ணெயையும் செரிக்க வைக்கும் நீர் இதில் ஊறுகிறது. பித்தக்கல் நழுவிக் குழாயை அடைத்தாலும், சாராயப் பழக்கத்தாலும் இந்த நீர் கணையத்தையே அரிக்கத் தொடங்கலாம். இதுதான் கணைய அழற்சி. குடிகாரருக்கு மட்டுமே வரும் என்று எண்ண வேண்டாம். கர்ப்பகாலத்தில் பித்தக்கல் உண்டாவது சகஜம். ஆகவே தாய்மார்களுக்கும் வரும்.

மேல்வயிற்றில் திடீரென்று கிளம்பும் வலி முதுகுக்குத் தாவும். வாந்தி எடுத்தாலும் தணியாது. "வாயுப் பிடிப்புதான், சோடா குடிச்சாப் போயிடும்" என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அங்கே ரத்தத்தில் அமைலேஸ் பார்ப்பார்கள். நோய் இன்னதென்று அறிய அது உதவும். ஆனால் எண் பெரிதானால் ஆபத்தும் பெரிது என்று அர்த்தமில்லை. வலியும் அப்படித்தான். துடியாய்த் துடித்தவர் ஒரு வாரத்தில் வீடு திரும்புவார். சத்தமின்றிப் படுத்திருந்தவருக்கு மூச்சு முட்டும்.

பின் எதை வைத்து எடை போடுவது? 1974-ல் நியூயார்க் டாக்டர் ரான்சன் 11 அடையாளங்களைச் சொன்னார். அவற்றில் 5 ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் பார்ப்பவை. மீதி 6-ம் 48 மணி நேரத்துக்குள் தெரிபவை. 2012-ல் திருத்திய விதிப்படி நுரையீரல், சிறுநீரகம், ரத்த ஓட்டம் இவற்றில் ஒன்றாவது 48 மணி நேரத்துக்கு மேல் தளர்ந்தே இருந்தால் நோய் கடுமையானது, உயிருக்கு ஆபத்து. ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்கு லேசாகவே போய்விடுகிறது. அந்த ஐந்தாமவர் யார் என்பது முதல் நாளே தெரிவதில்லை.

ஊசி போட்டதும் வலி அடங்கும். "அவருதான் நல்லா இருக்காரே, வயல்ல வேலை கிடக்கு" என்று கையெழுத்துப் போட்டு அழைத்துப் போய்விடாதீர்கள். ஊசி வலியை அடக்குகிறதே தவிர நோயை அல்ல.

கட்டிலருகே இருப்பவர் கவனிக்க வேண்டியது முக்கியமாகச் சிறுநீர். 50 கிலோ எடையுள்ளவருக்கு 6 மணி நேரத்தில் 150 மில்லியாவது, அதாவது ஒரு சின்ன டம்ளராவது வர வேண்டும். குறைந்தாலும், மூச்சு நிமிடத்துக்கு 20-ஐத் தாண்டினாலும், பேச்சு உளறலானாலும் நர்ஸம்மாவிடம் அப்போதே சொல்லுங்கள். நடுராத்திரி என்று தயங்க வேண்டாம்.

கஞ்சி எப்போது கொடுக்கலாம் என்பதை டாக்டர் சொல்வார். நாள்கணக்கில் பட்டினி போடுவது பழைய வழக்கம்.

பித்தக்கல்லால் லேசாக வந்தவர், வீடு திரும்பும் முன்பே பித்தப்பையை எடுத்துவிடலாமா என்று கேளுங்கள். கல் உள்ளேயே இருந்தால் நோய் திரும்பவும் வரக்கூடும்.